காம்ஃபர்ட் ஃபுட் பத்தி இங்கிலீஷ்ல ரெண்டு நிமிஷம் பேசணும்: களிக்கு என்ன சொல்றது?

கோத்தகிரிக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நர்சிங் முடிச்சு மூணு வருஷம் ஆச்சு. இங்கிலாந்து போக ஐயெல்ட்ஸ்ங்கற இங்கிலீஷ் தேர்வு எழுதப் போறேன், அடுத்த மாசம் கோயம்புத்தூர்ல தேர்வு. ரீடிங், லிஸனிங் ஓரளவுக்கு வந்துடுச்சு. ஸ்பீக்கிங்தான் தொண்டையிலேயே நிக்குது. நர்ஸுங்களுக்கு அதுல 7 வேணும். ரைட்டிங்ல மட்டும்தான் 6.5 எடுத்தாலும் விடுவாங்க.

நேத்து பயிற்சி வகுப்புல எனக்கு வந்த கார்டு இது: உன் மனசுக்கு ஆறுதலா இருக்கற சாப்பாடு எது, யார் செய்வாங்க, எப்போ சாப்பிடுவே, ஏன் பிடிக்கும். ஒரு நிமிஷம் யோசிக்கலாம், ரெண்டு நிமிஷம் வரைக்கும் பேசலாம். எனக்கு யோசிக்கவே வேண்டியதில்ல. ராகிக் களியும் அவரை உதக்கவும்தான். (கீழ்நாட்டுக்காரங்களுக்காக: உதக்கன்னா எங்க படுகர் வீட்டுக் குழம்பு.)

"மை காம்ஃபர்டபிள் ஃபுட் இஸ் ராகி பால்"னு ஆரம்பிச்சேன், உருண்டைங்கற அர்த்தத்துல. பின் வரிசைப் பையன் ஒருத்தன் "பேட் எங்கே?"ன்னான். வகுப்பு மொத்தமும் சிரிச்சுது. சொல்லித் தர்றவங்களும் சிரிச்சுட்டு, "பாஸ்தா, பிட்ஸா, பிரியாணின்னு ஏதாவது சொல்லும்மா, எக்ஸாமினருக்குப் புரியணும்ல"ன்னாங்க. நான் பாஸ்தா சாப்பிட்டது வாழ்க்கையில ஒரே தடவை. அதுவும் ஒரு ரிசப்ஷன்ல, ஆறிப்போய் ரப்பர் மாதிரி இருந்தது.

களி, உதக்க, இதையெல்லாம் இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது? இல்ல பேசாம பிரியாணின்னே சொல்லிடலாமா?


பேட்டைத் தெரு எழுதியது:

பிரியாணின்னு சொல்லிட்டு வந்துடுங்க சிஸ்டர். உலகத்துக்கே தெரியும். தேர்வு எழுதப் போறீங்களா, கலாச்சாரத்தைக் காப்பாத்தப் போறீங்களா?


குன்னூர் ஓய்வு வாத்தியார் எழுதியது:

அம்மா, முதலில் ஒரு சின்னத் திருத்தம். காம்ஃபர்டபிள் ஃபுட் அல்ல, காம்ஃபர்ட் ஃபுட். காம்ஃபர்டபிள் என்பதை நாற்காலிக்கும் செருப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இதேபோல 'டேஸ்ட்ஃபுல் சாம்பார்' என்று எழுதாத மாணவனை நான் 33 வருட வேலையில் கண்டதில்லை. டேஸ்ட்ஃபுல் என்பது திரைச்சீலைக்கும் சேலைக்கும் சொல்வது. சாம்பாருக்கு டேஸ்டி.

அடுத்து, எக்ஸாமினருக்குப் புரியாது என்பது சுத்தப் பேத்தல். அந்தத் தேர்வில் தடையில்லாமல் தொடர்ச்சியாகப் பேசுவதற்கு ஒரு பங்கு, சொல்வளத்துக்கு ஒரு பங்கு, இலக்கணத்துக்கு ஒன்று, உச்சரிப்புக்கு ஒன்று. நாலுக்கும் சமமான பங்கு. நீங்கள் எதைச் சாப்பிட்டீர்கள் என்பதற்கு மதிப்பெண்ணே கிடையாது. ஒரே தடவை தின்ற பாஸ்தாவைப் பற்றி ரெண்டு நிமிடம் என்ன பேசுவீர்கள்? நாற்பதாவது விநாடியில் வற்றிவிடும்.

பெயரைப் பற்றியும் பயப்பட வேண்டாம். நம் மிளகுத்தண்ணியை வெள்ளைக்காரன் மொழிபெயர்த்தானா? முல்லிகடானி என்று அப்படியே வாயில் போட்டுக்கொண்டான். கஞ்சியைக் காஞ்ஜீ என்றான், ஆப்பத்தை ஹாப்பர் என்றான். யூலும் பர்னலும் 1886-ல் வெளியிட்ட ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதியைப் புரட்டினால் நம் அடுப்படியே அதற்குள் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த துரைமார்களுக்கு மற்ற மாகாணத்துக்காரர்கள் வைத்த பட்டப்பெயரே 'மல்'. முல்லிகடானியின் முதல் பாதி. ரசம் குடித்தே பெயர் வாங்கியிருக்கிறார்கள்.

ஆகவே 'களி' என்றே சொல்லுங்கள். சொன்ன கையோடு அது என்ன என்று ஒரே வாக்கியத்தில் விளக்குங்கள். அந்த விளக்கத்துக்குத்தான் மதிப்பெண்.


பேட்டைத் தெரு எழுதியது:

சாரே, ஒரே வாக்கியத்துல நீங்களே விளக்கிக் காட்டுங்க பார்க்கலாம்.


குன்னூர் ஓய்வு வாத்தியார் எழுதியது:

"எ சாஃப்ட், டார்க் டம்ப்ளிங் மேட் ஃப்ரம் ஃபிங்கர் மில்லட் ஃப்ளார்." போதுமா?


கோத்தகிரிக்காரி எழுதியது:

சார் நன்றி. ஆனா டம்ப்ளிங்னு படம் தேடிப் பார்த்தேன், கொழுக்கட்டை மாதிரி வருது. உள்ளே பூரணம் வச்சிருக்கு. களி அப்படி இல்லயே. மெல்லக்கூட மாட்டோமே.


லீட்ஸ்ல ஒரு மஞ்சூர்க்காரி எழுதியது:

தங்கச்சி, நான் இங்கே வந்து ஆறு வருஷம் ஆச்சு. வார்டு வேலை. ஐயெல்ட்ஸ்ல எல்லாம் 7 வாங்கிட்டுத்தான் வந்தேன், வந்து இறங்கின முதல் வாரமே மூஞ்சில கரி.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். கூட வேலை பாக்கற ஒரு அம்மா, ஐம்பது வயசுக்கு மேல இருக்கும், "வாட் ஆர் யூ ஹாவிங் ஃபார் யுவர் டீ?"ன்னு கேட்டாங்க. நான் டீக்கு என்ன தொட்டுக்கறேன்னு கேக்கறாங்கன்னு நினைச்சு, "டூ வர்க்கீஸ்"னேன். ஊர்ல இருந்து எடுத்துட்டு வந்த ஊட்டி வர்க்கி பாக்கெட் அப்போ பாதி மிச்சம் இருந்தது. "ஜஸ்ட் தட்?"னாங்க. "யெஸ், எவ்ரி டே"னேன், பெருமையா வேற. அவங்க மூஞ்சி வாடிப் போச்சு. மறுநாள் ஒரு பெரிய டப்பாவைக் கையில கொடுத்து, "ஈட் ப்ராப்பர்லி, லவ்"னாங்க. ஷெப்பர்ட்ஸ் பை. அடியில கொத்தின ஆட்டுக்கறி, மேலே மசிச்ச உருளைக்கிழங்கு, ஓவன்ல வச்சு மேல்பக்கம் செவந்திருந்தது.

அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சுது. இங்கே வடக்குப் பக்கத்துல 'டீ'ன்னா ராத்திரிச் சாப்பாடு! மத்தியானச் சாப்பாட்டை டின்னர்ங்கறாங்க. தினமும் ரெண்டு பிஸ்கட் தின்னுட்டுப் படுத்துக்கற ஏழைப் பொண்ணுன்னு என்னைப் பத்தி வார்டு முழுக்கப் பேச்சு. ஆனா ஒண்ணு, அந்த ஷெப்பர்ட்ஸ் பை நம்ம ஊர் மாதிரிக் குளிர்ல சூடா உள்ளே இறங்கினப்போ, காம்ஃபர்ட் ஃபுட்டுன்னா இவங்க எதைச் சொல்றாங்கன்னு எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. அதே கறி மாட்டுக்கறின்னா காட்டேஜ் பையாம். மாத்திச் சொன்னா திருத்துவாங்க, நாம சாம்பாரையும் புளிக்குழம்பையும் மாத்திச் சொன்னா விடுவோமா?

இங்கே வந்தா வார்த்தையில நிறைய இடறும். கர்டுன்னா இவங்களுக்கு லெமன் கர்டுங்கற எலுமிச்சை இனிப்பு ஞாபகம் வருது, தயிருக்கு யோகர்ட்னு சொல்லணும். ட்ரம்ஸ்டிக் சாம்பார்னு நான் சொல்லி, கோழிக்கால் போட்ட சாம்பாருன்னு நினைச்சு ஒருத்தர் செய்முறை கேட்டார். குழம்பைக் கிரேவின்னா ரோஸ்ட் பண்ண கறியிலே இருந்து வடியற சாறுல செய்யற பழுப்புக் குழம்பை நினைச்சுக்கறாங்க. உதக்கயைக் கிரேவின்னு சொல்லிடாதே. 'எ பீன் ஸ்ட்யூ' பக்கத்துல வரும்.

இப்ப களிக்கு வர்றேன். நானும் டம்ப்ளிங், பால், கேக், பாரிட்ஜ்னு எல்லாத்தையும் சொல்லிப் பார்த்துட்டேன். ஒருத்தருக்கும் பிடி கிடைக்கல. ஒரு நாள் நைட் டூட்டியில நைஜீரியாக்கார சிஸ்டர் ஒருத்தங்ககிட்ட பேசிட்டிருந்தேன். வார்த்தையே வராம, கையைக் காட்டினேன். இப்படிக் கிள்ளி, இப்படி உருட்டி, கட்டைவிரலால நடுவுல ஒரு குழி, குழம்புல ஒரு முக்கு, மெல்லாம உள்ளே. அவங்க கையைத் தட்டிட்டு, "ஓ! ஸ்வாலோ! யூ பீப்பிள் ஹாவ் ஸ்வாலோ!"ன்னாங்க. அவங்க ஊர்ல ஃபூஃபூ, ஏபா, இடிச்ச யாம் கிழங்குன்னு இந்த மாதிரி உருண்டை எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே பேரு ஸ்வாலோ. விழுங்கறதுன்னு அர்த்தம், அதையே பேராக்கி வச்சுட்டாங்க. அவங்களும் சூப்புல தொட்டு விழுங்கறவங்கதான், பல்லுல பட்டா அம்மா திட்டுவாங்களாம். எங்க ஆயா திட்டின அதே திட்டு.

ஆறு வருஷத்துல என்னோட களியை முழுசாப் புரிஞ்சுக்கிட்ட ஒரே ஆள் அவங்கதான். அதனால சொல்றேன், அது என்ன பொருள்னு யோசிக்காதே, கை என்ன பண்ணுதுன்னு சொல்லு. "யூ பின்ச் இட், ரோல் இட், டிப் இட் அண்ட் ஸ்வாலோ. யூ டோன்ட் ச்யூ." இவ்வளவுதான். அஞ்சு வினைச்சொல்லு.


கோத்தகிரிக்காரி எழுதியது:

அக்கா!!! பஸ்ல உட்கார்ந்து படிச்சுட்டு நானே கையை இப்படி இப்படி ஆட்டியிருக்கேன். பக்கத்து சீட்டு அம்மா ஜன்னல் பக்கமா நகர்ந்துட்டாங்க.


கேத்தி கேரட் எழுதியது:

மஞ்சூர் அக்காவோட ஷெப்பர்ட்ஸ் பைக்கு மேல இருக்கற உருளைக்கிழங்கு பத்தி ஒரு வார்த்தை. நாங்க கேரட், பீட்ரூட், கிழங்கு, முட்டைக்கோஸ் போடறவங்க. இந்தக் காய்க்கு எல்லாம் மண்டியில இன்னிக்கும் பேரு 'இங்கிலீஷ் காய்கறி'தான். 1819-ல கோத்தகிரி பக்கம் ஏறி வந்த கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்துல வந்த விதைங்க. எங்க தாத்தாவுக்கு இங்கிலீஷ்ல கையெழுத்துப் போடத் தெரியாது, ஆனா நாள் முழுக்க இங்கிலீஷ் இங்கிலீஷ்னுதான் பேசுவார். "இன்னிக்கு மேட்டுப்பாளையத்துல இங்கிலீஷ் விலை இறங்கிப்போச்சு"ன்னு அவர் சொன்னா, பக்கத்து ஊர்க்காரங்களுக்குக் குழப்பமா இருக்கும்.

அதுனால அவங்க காம்ஃபர்ட் ஃபுட்டோட மூலப்பொருள் நம்ம காட்டுல விளையுது. நம்ம காம்ஃபர்ட் ஃபுட்டுக்கு மட்டும் இங்கிலீஷ்ல வார்த்தை இல்லையா? விலை கிடைக்காத கடுப்பு, வேற ஒண்ணுமில்ல.


வர்க்கி வீட்டுப் பையன் எழுதியது:

லீட்ஸ் வரைக்கும் வர்க்கி போயிருக்குன்னு படிச்சதும் உள்ளே வந்துட்டேன். எங்க அப்பா, சித்தப்பா எல்லாம் அடுப்புக்காரங்க. அக்கா, அதை பிஸ்கட்டுன்னு மட்டும் சொல்லாதீங்க, மனசு கேக்கல.

சீசன்ல டூரிஸ்ட் வருவாங்க, வடநாட்டுக்காரங்க, வெளிநாட்டுக்காரங்க. கல்லாவுல நிக்கறது நான்தான். "வாட் இஸ் திஸ்?" மொத வருஷம் "பிஸ்கட்"னேன், வாங்கிட்டுப் போய்ட்டு, "ஹார்டா இருக்கு, பழசா?"ன்னு திரும்பி வந்தாங்க. அடுத்த வருஷம் "பஃப்"னேன், உள்ளே முட்டை எங்கேன்னாங்க. ஒரு அமெரிக்காக்காரர்கிட்ட பிஸ்கட்னு சொன்னா அவர் வேற எதையோ நினைக்கறார். அவங்க ஊர்ல பிஸ்கட்னா மெத்துனு பன் மாதிரி, குழம்பு ஊத்திச் சாப்பிடறதாம்.

வர்க்கியில என்ன இருக்குன்னா மைதா, சர்க்கரை, உப்பு, எண்ணெய், அப்புறம் 'மாவா'. மாவான்னா புளிக்க வச்ச மாவு, தயிருக்கு உறை குத்தற மாதிரி. அதுலதான் மணமே. ஈஸ்ட் போட்டா வேலை சீக்கிரம் முடியும், வாசனை வேற மாதிரி ஆயிடும். பிசைஞ்சு, ஊற விட்டு, எண்ணெய் தடவி மடிச்சு மடிச்சு அடுக்கு கொண்டு வரணும். விறகு அடுப்புல வேகணும். மழைக்காலத்துல மாவு எழும்பாது, எங்க அப்பா ராத்திரி எழுந்து போய் மாவைத் தொட்டுப் பார்த்துட்டு வருவார், குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கான்னு பாக்கற மாதிரி. அடுப்படியில...

(ரொம்ப நீளமாப் போகுது, விடுங்க.)

இங்கிலீஷுக்கு வர்றேன். ஒரு வயசான வெள்ளைக்கார அம்மா கடையிலேயே டீ வாங்கி, வர்க்கியை அதுல முக்கி வாயில வச்சுட்டு, "ஓ, இட்ஸ் ஃபார் டங்க்கிங்!"னாங்க. டங்க். டீயில முக்கி எடுக்கறதுக்கு அவங்ககிட்ட தனி வார்த்தையே இருக்கு! அன்னில இருந்து நான் சொல்றது இதுதான்: "ஃப்ளேக்கி, நாட் ஸ்வீட், யூ டங்க் இட் இன் டீ." ஒருத்தரும் திரும்பி வரல.


குன்னூர் ஓய்வு வாத்தியார் எழுதியது:

டங்க்! அருமை. 33 வருடத்தில் இந்தச் சொல்லை நான் வகுப்பில் சொல்லிக் கொடுத்ததே இல்லை. டிப் என்றே ஓட்டிவிட்டேன்.


பூம்பாறைப் பூண்டு எழுதியது:

கொடைக்கானல் பக்கத்துல இருந்து ஒரு அட்டெண்டன்ஸ். எனக்கு மலைப்பூண்டு ரசம். 2019-ல புவிசார் குறியீடு வாங்கின பூண்டு. சளி பிடிச்சா வீட்டுல மருந்து, பிடிக்கலன்னா ரசம். இங்கிலீஷ்ல சூப்புன்னு சொல்லப் பிடிக்கல எனக்கு. சூப்பு சாப்பாட்டுக்கு முன்னாடி, ரசம் சாப்பாட்டுக்கு நடுவுல. அவ்வளவுதான் என் வழக்கு.


கூடலூர் மழை எழுதியது:

எங்க வீட்டுல ரொட்டியும் சம்பலும். ரொட்டின்னா சப்பாத்தி இல்ல, தேங்காய் துருவிப் போட்டுத் தட்டிச் சுடற கனமான ரொட்டி. சம்பல்ன்னா தேங்காய், மிளகாய், வெங்காயம், எலுமிச்சை. கூட பிளேன்டீ, சர்க்கரையைக் கலக்காம உள்ளங்கையில வச்சு நக்கிக்கிட்டே குடிக்கறது. என் அம்மாச்சி கண்டிப் பக்கத்துத் தோட்டத்துல பொறந்தவங்க. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்கு அப்புறம் கப்பல்ல ஏத்தி இங்கே அனுப்பினாங்க. 1968-ல அரசாங்கம் எங்களை மாதிரி ஆளுங்களுக்குன்னு ஆரம்பிச்ச தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிச்சு ஓய்ஞ்சாங்க.

காலேஜ்ல ஒரு மேடம் "யுவர் ஃபேவரிட் டிஷ்?"னு எல்லாரையும் கேட்டாங்க. நான் ரொட்டி சம்பல்னேன். "அது ஸ்ரீலங்கன் ஃபுட்ல? நீ எந்த ஊரு?"ன்னாங்க. எந்த ஊருன்னு சொல்றது? அங்கே இருந்தப்போ இந்தியாக்காரங்கன்னாங்க, இங்கே வந்தா சிலோன்காரங்கங்கறாங்க. அன்னிக்கு இங்கிலீஷ் வராம நான் நின்னேன்னு மேடம் நினைச்சுக்கிட்டாங்க. தமிழ்ல கேட்டிருந்தாலும் நின்னுருப்பேன்.

கோத்தகிரித் தங்கச்சி, களின்னே சொல்லுங்க. பிரியாணின்னு சொன்னா அடுத்த கேள்வி, "ஊட்டி பிரியாணி எப்படி இருக்கும்?"னு வரும்.


பேட்டைத் தெரு எழுதியது:

சரி, நான் முதல்ல சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா ஒரு ஆதங்கம். தயிர்சாதமும் நார்த்தங்காய் ஊறுகாயும் எனக்கு. அதுல 'ஆறுதல்' எங்கே இருக்குன்னு தமிழ்லயே சொல்ல முடியல, இதுல இங்கிலீஷ்ல வேற. துவர்ப்புக்கு என்ன சார் வார்த்தை? கரிப்புக்கு? காரத்துக்கு ஹாட்டுன்னா சூடான்னு கேக்கறான்.


குன்னூர் ஓய்வு வாத்தியார் எழுதியது:

துவர்ப்புக்கு அஸ்ட்ரிஞ்ஜென்ட். அகராதியில் உண்டு, சாப்பாட்டு மேசையில் யாரும் அதிகம் சொல்ல மாட்டார்கள். கரிப்புக்கு சால்ட்டி. காரத்துக்கு ஸ்பைஸி என்றால் மசாலா நிறைந்தது என்றும் பொருள் கொள்வார்கள், ஹாட் என்றால் சூடு. ஆகவே 'சில்லி-ஹாட்' என்று சேர்த்துச் சொன்னால் சண்டை இல்லை. பாவற்காய்க் கசப்பை விரும்பிச் சாப்பிடுவதை மட்டும் விளக்க முயலாதீர்கள், நேரம் போதாது.


கோத்தகிரிக்காரி எழுதியது:

எல்லாரும் சொன்னதை வச்சு நேத்து ராத்திரி பேசிப் பதிவு பண்ணேன். தமிழ் எழுத்துலேயே போடறேன், தப்பைச் சொல்லுங்க. ஹெத்தென்னா எங்க பேச்சுல பாட்டி.

"மை காம்ஃபர்ட் ஃபுட் இஸ் களி வித் அவரை உதக்க. மை கிராண்ட்மதர், வி கால் ஹர் ஹெத்தெ, வில் மேக் இட் வென் இட் ரெயின்ஸ். இன் கோத்தகிரி, வென் இட் ரெயின்ஸ், ஃபர்ஸ்ட் த கரண்ட் வில் கோ. சோ ஷி வில் குக் இன் த ஃபயர்லைட். ஷி வில் போர் த ராகி ஃப்ளார் இன் பாய்லிங் வாட்டர் அண்ட் ஸ்டர் வித் எ லாங் ஸ்டிக், ஹோல்டிங் த பாட் வித் ஹர் ஃபீட். இஃப் யூ ஸ்டாப், இட் கெட்ஸ் லம்பி. ஷி வில் நாட் ஸ்டாப் ஈவன் இஃப் சம்படி இஸ் அட் த டோர். தென் ஷி வில் வெட் ஹர் ஹேண்ட் அண்ட் மேக் எ பால். த ஃபர்ஸ்ட் ஒன் இஸ் ஆல்வேஸ் ஃபார் மீ. யூ பின்ச் இட், ரோல் இட், டிப் இட் அண்ட் ஸ்வாலோ."

ஒரு நிமிஷம் பத்து விநாடி வந்தது.


லீட்ஸ்ல ஒரு மஞ்சூர்க்காரி எழுதியது:

காலால பானையைப் பிடிச்சுக்கறது! அப்படியே எங்க ஆயா. இந்த ஒரு வரி போதும் தங்கச்சி.


குன்னூர் ஓய்வு வாத்தியார் எழுதியது:

அம்மா, விஷயம் நன்றாக வந்துவிட்டது. ரெண்டே ரெண்டு திருத்தம்.

ஒன்று, கரண்ட் போவது நம் ஊரில் மட்டும். அங்கே 'த பவர் கோஸ் அவுட்'.

ரெண்டு, இது நம் எல்லோருக்கும் உள்ள நோய். 'ஷி வில் மேக்', 'ஷி வில் குக்', 'ஷி வில் வெட்'. தமிழில் 'செய்வாங்க' என்ற ஒரே சொல் நாளைக்குச் செய்யப் போவதற்கும் வரும், வழக்கமாகச் செய்வதற்கும் வரும். 'நாளைக்குச் செய்வாங்க', 'மழை பெய்தால் செய்வாங்க', ரெண்டும் ஒன்றே. அந்தப் பழக்கத்தில் நாம் எல்லா இடத்திலும் 'வில்' போட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் வழக்கமாகச் செய்வதற்கு 'ஷி மேக்ஸ்'. முன்பு செய்துகொண்டிருந்து இப்போது இல்லை என்றால் 'ஷி யூஸ்டு டு மேக்', அல்லது 'ஷி வுட் மேக்'.

உங்கள் பாட்டியார் இப்போதும் செய்கிறார்களா? அதைப் பொறுத்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.


கோத்தகிரிக்காரி எழுதியது:

இல்ல சார். போய் ரெண்டு வருஷம் ஆச்சு.

யூஸ்டு டு தான் வரணும்னு எனக்குத் தெரியும் சார், இலக்கணம் தெரியும். எழுதறப்போ சரியா எழுதிடறேன். பேசறப்போ வாயில வில் வில்லுன்னே வருது.


குன்னூர் ஓய்வு வாத்தியார் எழுதியது:

தெரியாமல் கேட்டுவிட்டேன் அம்மா. மன்னிக்கவும்.

'வுட்' போட்டுச் சொல்லிப் பாருங்கள். 'வில்'லுக்குப் பக்கத்து வீடுதான், வாய்க்குச் சுலபமாக இருக்கும்.


லீட்ஸ்ல ஒரு மஞ்சூர்க்காரி எழுதியது:

தங்கச்சி, ராத்திரி உங்க நேரம் ஒன்பது மணிக்கு மேல எனக்கு மெசேஜ் போடு. ஞாயித்துக்கிழமை லீவு. போன்ல பேசிப் பழகலாம். களி வேணாம், வேற எதைப் பத்தியாவது பேசலாம். வார்டுல கேக்கற மாதிரி நான் குறுக்கே குறுக்கே கேட்டுக்கிட்டே இருப்பேன். ஸ்பீக்கிங் தேர்வோட அடுத்த பகுதியில அப்படித்தான் வரும், ஜனங்க ஏன் பழைய சாப்பாட்டை விட்டுட்டாங்க, வெளியில சாப்பிடறது நல்லதா, இப்படி.


கேத்தி கேரட் எழுதியது:

அந்த உதக்கைக்கு அவரையை ஊற வச்சுத் தோல் உரிக்கற வேலையை இங்கிலீஷ்ல யாராவது சொல்லிக் கொடுங்கப்பா. வீட்டுல என் தலையிலதான் விழுது. நகமெல்லாம் போச்சு.


கூடலூர் மழை எழுதியது:

அதுக்கு இங்கிலீஷ்ல பேரு 'ஃப்ரீ லேபர்' அண்ணா.


கோத்தகிரிக்காரி எழுதியது (ஆறு வாரம் கழிச்சு):

தேர்வு முடிஞ்சுது. கேள்வியை அப்படியே வெளியில போடக் கூடாதுன்னாங்க, அதனால மேலோட்டமாச் சொல்றேன். எனக்குச் சாப்பாடு வரவே இல்ல! யாருக்காவது ஏதாவது கொடுத்ததைப் பத்தி வந்தது. ஒரு நிமிஷம் பேப்பர்ல கிறுக்கினேன், ஒண்ணும் ஓடல. நேத்துதான் பொறந்தவ மாதிரி உட்கார்ந்திருந்தேன். அப்புறம் முதல் சம்பளத்துல ஹெத்தெக்கு வர்க்கி வாங்கிட்டுப் போனது ஞாபகம் வந்தது. ஒரு கிலோ. பல்லே இல்லாத ஆளுக்கு.

எக்ஸாமினர் தலையைத் தூக்கி "வர்க்கி?"ங்கற மாதிரி பார்த்தார். ஃப்ளேக்கி, நாட் ஸ்வீட், யூ டங்க் இட் இன் டீன்னேன். வர்க்கி வீட்டுத் தம்பிக்கு நன்றி. அப்புறம் தன்னால வந்துடுச்சு. "ஷி ஹேட் நோ டீத், சோ ஷி யூஸ்டு டு டங்க் இட் அண்டில் இட் ஃபெல் இன், அண்ட் தென் ஷி யூஸ்டு டு டிரிங்க் இட்." யூஸ்டு டு, யூஸ்டு டு, ரெண்டு தடவை. வெளியில வந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கறப்போதான் நான் என்ன சொன்னேன்னே எனக்கு உறைச்சுது.

ஸ்பீக்கிங் 7.5. ரைட்டிங்ல 6.5, நூல் பிடிச்ச மாதிரி.


லீட்ஸ்ல ஒரு மஞ்சூர்க்காரி எழுதியது:

என் ராசாத்தி! வர்றப்போ ராகி மாவு ரெண்டு கிலோ, மாசு ஹுடி (நம்ம வீட்டு மசாலாப் பொடி) அரைக் கிலோ. நம்ம நைஜீரியா சிஸ்டர்கிட்ட சொல்லிட்டேன், சூப்பு அவங்க பொறுப்பு.


வர்க்கி வீட்டுப் பையன் எழுதியது:

வர்க்கி நான் தர்றேன்க்கா, காசு வேணாம். பெட்டியில அடியில வைக்காதீங்க, நொறுங்கிடும். கையில எடுத்துட்டுப் போங்க.


பேட்டைத் தெரு எழுதியது:

ஏர்போர்ட்ல "வாட் இஸ் திஸ்?"னு கேட்டா பிஸ்கட்டுன்னு சொல்லிட்டுப் போயிட்டே இருங்க சிஸ்டர். அங்கே போய் டங்க்கிங் எல்லாம் விளக்கிட்டு நிக்காதீங்க.